லெஃப்ட்டு கம்மியா கீது

மீன்பிடித் தடைக்காலம் என்பது மீன்கள் நிம்மதியாக முட்டையிடுவதற்காக அரசாங்கம் செய்திருக்கும் ஏற்பாடு. மீன்களுக்கு நிம்மதி கிடைக்கிறதோ என்னவோ, விசைப்படகு டிரைவர்களின் மனைவிமார்களுக்குக் கிடைப்பதில்லை. மற்ற மாதங்களில் கடலில் கிடக்கும் மனிதர் அப்போது வீட்டில் கிடப்பார். கிடப்பதோடு நிற்காமல் வீட்டைச் சீர்திருத்தவும் ஆரம்பித்துவிடுவார்.

திருவொற்றியூர் குப்பத்துத் தண்டபாணி ஒரு தடைக்காலத்தில் குளியலறைக் கதவை எதிர்ப்பக்கம் திறக்கும்படி மாற்றினார். அன்று முதல் உள்ளே போகிறவர்கள் பக்கெட்டைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டால்தான் கதவைச் சாத்த முடிகிறது. இன்னொரு தடைக்காலத்தில் மொட்டைமாடியில் மழைநீர் வழிந்தோட வாட்டம் கொடுத்தார். வாட்டம் படிக்கட்டுப் பக்கம் அமைந்துவிட்டது.

இந்த வருஷம் அவருக்கு வேலை கொடுத்தது மகள் மோகனப்ரியா. துறைமுகம் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறாள். நைனா சுவர்களில் கை வைக்காமல் உட்கார்ந்து படம் பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி அனுப்பினாள். ஐந்து ஸ்பீக்கர், 'தும் தும்' என்று இடிக்க ஒரு ஊஃபர்.

கடையிலிருந்து வந்த ஆள் ஐந்து ஸ்பீக்கரையும் டி.வி.க்கு மேலிருந்த பலகையில் குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி வரிசையாக நிறுத்தினான். ஊஃபரை மூலையில் தள்ளினான். ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினான். டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். சத்தம் வந்தது. தண்டபாணிக்குப் பரம திருப்தி. அது ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வரும் வரைக்கும் நீடித்தது.

மாப்பிள்ளை ரஞ்சித், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு யார்டுக்கு சூப்பர்வைசர். பகல் முழுக்க இரும்புத் தகடு லாரியில் விழுகிற சத்தத்திலேயே வாழ்கிறவன். அதனாலோ என்னவோ, நல்ல சத்தம் எது என்பதில் அவனுக்கு மிக நுட்பமான கருத்துகள் இருந்தன. எல்லாம் யூடியூபிலிருந்து வந்தவை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பலகையைப் பார்த்துவிட்டு, விபத்தைப் பார்த்தவன் மாதிரி நின்றுவிட்டான்.

"மாமா, இத்த யாரு இப்டி வச்சது?"

"கடைக்காரன் தான் மாப்ள. ஏன், ஸோக்காத்தான கீது?"

"அவன உள்ள தூக்கிப் போடணும் மாமா. லெஃப்ட்டு ஒண்ணு, ரைட்டு ஒண்ணு, நீங்க குந்துற எடம் ஒண்ணு. மூணும் சேந்து முக்கோணமா வரணும். ஸ்பீக்கரு மூஞ்சி உங்க காது ஒசரத்துக்கு, உங்களப் பாத்தாப்ல திரும்பி நிக்கணும். இப்ப இன்னா ஆவுதுன்னா, சத்தம் முழுக்க உங்க தலைக்கு மேல பூந்து பூடுது."

தண்டபாணி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இத்தினி நாளும் வேஸ்ட்டா?"

"மெய்யாலுமே வேஸ்ட்டு."

அப்போது தண்டபாணியின் மனைவி குணசுந்தரி மார்க்கெட்டிலிருந்து வந்து, புருஷனுக்கு இடது பக்கம் தரையில் உட்கார்ந்து, வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்த இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். சின்ன ஃபைபர் போட்டுகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அந்த மீனை ஏலத்தில் எடுத்து விற்று வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். தலை நிமிராமல் சொன்னாள்: "வூட்ல ஒரு சாமான நகத்துனீங்கன்னு வச்சிக்கோ, ரெண்டு பேரையும் தூக்கி வெளிய வச்சிடுவேன்."

தண்டபாணி பதிலே சொல்லவில்லை. மாமா எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று ரஞ்சித் வியந்தான்.

மறுநாள் சாமான்கள் நகர ஆரம்பித்தன. பிரிஜ் இருந்த இடம் இடது ஸ்பீக்கருக்குத் தேவைப்பட்டது. பிரிஜ் சமையலறை வாசலுக்குப் போனது. அதன் கதவு பாதிதான் திறந்தது, தண்ணீர் பாட்டிலை எடுக்க வயிற்றை எக்கிக்கொண்டு கையை நுழைக்க வேண்டும். பீரோ படுக்கையறைக்குப் போனது. அதற்கு இடம் விட்டு அங்கே கட்டில் நட்டுக்குத்தலாக நின்றது. சாமி படங்கள் மட்டும் தப்பித்தன, அதுவும் வலது ஸ்பீக்கர் அவற்றுக்கு நேர் கீழே வந்ததால். விளக்கு ஏற்றும்போது ஊதுபத்திச் சாம்பல் ஸ்பீக்கரில் விழக்கூடாது என்று குணசுந்தரிக்கு உத்தரவு போடப்பட்டது.

ஸ்பீக்கர் நிற்பதற்கு ஸ்டாண்டு வேண்டுமே. அதை ரஞ்சித் பார்த்துக்கொண்டான். யார்டில் மீந்த இரும்புக் குழாய்களை வெட்டி, வெல்டு வைத்து, குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் ஒரு வஞ்சிரம் எடை. ஸ்டாண்டு ஒவ்வொன்றும் ஒரு நங்கூரம் எடை. அதை இறக்கும்போது வாசல் படியின் முனை பெயர்ந்தது.

"ஆடக்கூடாது பாருங்க மாமா. ஸ்டாண்டு ஆடுனா சவுண்டு ஆடிடும்."

"சுனாமி வந்தாலும் இது ஆடாது மாப்ள," என்றார் தண்டபாணி பெருமையாக. வீடு போனாலும் ஸ்டாண்டு நிற்கும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்து ஊஃபர். இதற்கு ரஞ்சித் ஒரு விஞ்ஞான முறை வைத்திருந்தான். ஊஃபரை, ஆள் உட்காரும் சோபாவில் உட்கார வைக்க வேண்டும். ஆள் தரையில் தவழ வேண்டும். தவழ்ந்துகொண்டே போகும்போது எந்த இடத்தில் 'தும் தும்' சீராகக் கேட்கிறதோ, அந்த இடம்தான் ஊஃபருக்குரிய இடம். காதை ஊஃபரின் உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் சரியாகத் தெரியுமாம்.

குணசுந்தரி மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வேலையை ஆரம்பித்தார்கள். சோபாவின் நடுவில் ஊஃபர் ராஜா மாதிரி உட்கார்ந்து உறுமியது. மாமனார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கமாகத் தவழ்ந்தார். மருமகன் பேன்ட்டோடு மறுபக்கமாகத் தவழ்ந்தான். டி.வி.க்குக் கீழே எதிரெதிராகச் சந்தித்து, "இங்க எப்டி கீது மாமா?" "இங்க வவுத்துக்குள்ள இடிக்குது மாப்ள," என்று விவரம் பரிமாறிக்கொண்டு, மறுபடி பிரிந்தார்கள்.

பக்கத்து வீட்டு அங்கம்மா, வாங்கிப் போன இட்லிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்ததற்கு அவளுக்குத் தெரிந்து ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது.

"ஐயையோ, இன்னா தொலைஞ்சி போச்சி? குணாவோட கம்மலா?"

ஊஃபர் உறுமலில் தண்டபாணிக்கு எதுவும் காதில் விழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அங்கம்மா பாத்திரத்தை வைத்துவிட்டுத் தானும் முட்டி போட்டாள். போடுவதற்கு முன்பு தெருப்பக்கம் ஒரு குரல் கொடுத்தாள். சற்று நேரத்தில் இன்னும் சில பெண்கள் உள்ளே வந்து சோபாவுக்கு அடியிலும் பிரிஜுக்குப் பின்னாலும் துழாவ ஆரம்பித்தார்கள். ஒருத்தி துடைப்பத்தோடு வந்திருந்தாள். ரஞ்சித்துக்கு விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் அவனும் தேடினான்.

மார்க்கெட்டிலிருந்து திரும்பிய குணசுந்தரியை அங்கம்மா கட்டிப் பிடித்து, "கவலப்படாத குணா, வூட்டுக்குள்ளதான் இருக்கும், எங்க பூடும்," என்றாள். குணசுந்தரி தன் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தாள். கம்மல் இருந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த ஊஃபரைப் பார்த்தாள். முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"எல்லாம் எழுந்து போங்கம்மா," என்றாள். "இங்க தொலைஞ்சது வேற."

இத்தனை பாடுபட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் திறப்பு விழா நடந்தது. மோகனப்ரியா வந்திருந்தாள். பின்பக்கச் சுவரில் இரண்டு ஸ்பீக்கர், டி.வி.க்குக் கீழே ஒன்று, இரும்புத் தூண்களின் மேல் இடதும் வலதும். முக்கோணத்தின் மூன்றாவது முனையில், சோபாவின் நடுவில் தண்டபாணி. அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரக்கூடாது. தவிர, ஸ்டாண்டும் ஒயரும் போக வேறு யாரும் உட்கார இடமும் இல்லை. மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். ரஞ்சித் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டான். கண்ணாடி உடைந்தது, குதிரை ஓடியது, யாரோ யாரையோ பின்பக்கத்திலிருந்து திட்டினார்கள்.

தண்டபாணி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: "லெஃப்ட்டு கம்மியா கீது."

ரஞ்சித் டேப்பை எடுத்து அளந்தான். இடதுக்கும் வலதுக்கும் தூரம் ஒன்றுதான். இடது ஸ்பீக்கரைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பினான். கம்மியாகத்தான் இருந்தது. ஸ்டாண்டை முன்னால் இழுத்தான். தரையில் கோடு விழுந்தது, சத்தம் ஏறவில்லை. ஒயரை மாற்றினான். இடது ஸ்பீக்கரைக் கழற்றி வலதில் வைத்து, வலதை இடதில் வைத்தான்.

"இப்ப?"

"லெஃப்ட்டு கம்மியா கீது மாப்ள."

"நைனா, எனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது," என்றாள் மோகனப்ரியா.

"நீ செவுத்துக்கிட்ட நிக்கிற, உனுக்கு இன்னா தெரியும்? முக்கோணத்துல வந்து குந்து."

வந்து உட்கார்ந்தாள். ஒன்றாகத்தான் கேட்டது. குணசுந்தரியை உட்கார வைத்தார்கள். நாள் முழுக்க நின்று மீன் விற்ற கால்கள். சோபாவில் சாய்ந்து, "நல்லாக் கீது, அப்டியே உடு, கொஞ்ச நேரம் குந்திக்கிறேன்," என்றாள்.

தண்டபாணி நொந்து போனார். "இந்த வூட்ல எல்லாரும் செவுடு மாப்ள. நீயும் நானும்தான் மாட்டிக்கினோம்."

ரஞ்சித்துக்கும் ஒன்றாகத்தான் கேட்டது. ஆனால் மாமா தன்னைச் சேர்த்துக்கொண்ட பிறகு எப்படிச் சொல்வது? அதனால் அவன் காரணம் கண்டுபிடித்தான். இடது பக்கம் ஜன்னல் இருக்கிறது, சத்தம் அந்த வழியாகக் கடலுக்குப் போகிறது. ஜன்னலை அடைத்தார்கள். மே மாதம். கடல் காற்று ஒன்றுதான் அந்த வீட்டுக்கு இலவசமாக வந்துகொண்டிருந்தது, அதையும் நிறுத்தினார்கள். பிறகு சுவர் சத்தத்தை உறிஞ்சுகிறது என்றான். சுவருக்கு முன்னால் ஒரு பிளைவுட் பலகை வந்தது. பிறகு சுவர் சத்தத்தை எதிரொலிக்கிறது என்றான். பலகை போய் இலவம்பஞ்சு மெத்தை வந்தது. மெத்தை சுவரில் நின்றதால் தண்டபாணியும் குணசுந்தரியும் பாயில் படுத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தண்டபாணி கண்ணை மூடிக் கேட்டு, ஒரே தீர்ப்பை வழங்கினார்.

கடைசியாக ரஞ்சித் போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கினான். பின் ஸ்பீக்கர்களை நிறுத்திவிட்டு, முன்னால் இருக்கும் இரண்டில் மட்டும் மாற்றி மாற்றி 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சத்தத்தை ஓடவிட்டான். போனில் முள் இரண்டுக்கும் ஒரே இடத்தில் நின்றது.

"போனு கலீஜு," என்றார் தண்டபாணி. "மாத்து."

அந்த வீட்டில் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றிருந்த மோகனப்ரியாவுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. "நைனா, எழுந்திரு. டி.வி.க்கு முதுகக் காட்டிக்கினு குந்து."

"எதுக்கு?"

"குந்தேன்."

முக்கோணம் கெட்டுவிடாமல், சோபாவைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுத் திரும்பி உட்கார்ந்தார். இப்போது அவருடைய இடது காது வலது ஸ்பீக்கரைப் பார்த்தது. ரஞ்சித் மறுபடி 'ஸ்ஸ்ஸ்' ஓடவிட்டான். தண்டபாணி கண்ணை மூடிக் கேட்டார்.

"இப்ப..." என்றார். "இப்ப ரைட்டு கம்மியா கீது."

"பாத்தீங்களா, ரைட்டும் ரிப்பேரா?" என்றான் ரஞ்சித் ஆர்வமாக.

ரஞ்சித் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யார்டில் லோடு கணக்கில் ஒரு கிலோ குறைந்தாலும் கண்டுபிடிக்கிற பையன். இதற்கு அவனுக்குச் சற்று அவகாசம் தேவைப்பட்டது. பிறகு மெதுவாகப் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

தண்டபாணி ஸ்டூலில் இருந்தபடியே மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "குணா. உனுக்குத் தெரியுமா?"

"இன்னாது?"

"காது."

குணசுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பொண்ணு ஸ்கூலுக்குப் போவ ஆரம்பிச்சதுலருந்து தெரியும்யா. உன் கூட போட்ல வர்ற ஆளுங்களுக்கும் தெரியும். எல்லாரும் உன் சோத்தாங்கைப் பக்கமா வந்துதான பேசறாங்க."

அது உண்மை. படகில் அத்தனை ஆட்களும், எவ்வளவு அவசரம் என்றாலும், வலையைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் வந்துதான் பேசுவார்கள். டிரைவருக்குக் கொடுக்கிற மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். புது ஆட்கள் வந்தால், இங்கே ஆட்கள் பெரியவருக்கு எப்படி மரியாதை கொடுக்கிறார்கள் பார் என்று சொல்லிக்கூடக் காட்டியிருக்கிறார்.

"அப்ப நீ ஏன் எந்நேரமும் இந்தாண்ட பக்கமா வந்து குந்துற?" என்று இடது தோளைத் தொட்டுக் காட்டினார்.

மோகனப்ரியா திரும்பிச் சுவரிலிருந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது.

"மனசுல கெடக்கறத எங்கியாவது கொட்டணும்யா," என்றாள் குணசுந்தரி. "செவுத்துகிட்ட பேசினா பைத்தியம்பாங்க. உன் லெஃப்ட்டுகிட்ட பேசினா புருஷங்கிட்ட பேசறான்னு நெனச்சிப்பாங்க."

தண்டபாணி சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். அலை தடுக்கும் கற்களின் மேல் உட்கார்ந்தார். இன்ஜின் மூடி எப்போதும் அவருக்கு இடது கைப் பக்கம்தான். வருஷக்கணக்காக அந்தக் காதைத்தான் அதற்குக் கொடுத்திருக்கிறார். இன்ஜினில் ஒரு நட்டு தளர்ந்தால்கூடத் தனக்குக் கேட்கும் என்று ஹார்பர் முழுக்கச் சொல்லித் திரிந்த மனிதர். அதைவிட, குப்பமே கூடிப் பேசி வைத்த மாதிரி ஒருத்தரும் சொல்லவில்லையே என்பதுதான் அவரைச் சுட்டது. எழுந்து வந்தபோது கோபம் இருந்தது, பசியும் இருந்தது. பசி முதலில் பேசியது. சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"இத்தினி வருசமா லெஃப்ட்ல இன்னாதான் சொன்ன? சொல்லு, கேக்கறேன்."

"எல்லாத்தையும் சொல்ல அடுத்த தடைக்காலமும் பத்தாது."

"ஒண்ணு சொல்லு."

குணசுந்தரி தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்தாள். இந்த முறை வலது பக்கம் உட்கார்ந்தாள். "அந்தப் புயலு வந்துச்சே, போட்டு பாதியில இன்ஜின் நின்னுபோய் கரைக்கு வராம கெடந்தீங்களே. அதுக்கு மொதோ நாளு சாயந்திரம் நீ டீசல் கேனத் தூக்கிக்கினு கெளம்பின. போவாதய்யா, மனசு சரியில்லன்னு சொன்னேன்."

"லெஃப்ட்லயா?"

"லெஃப்ட்ல."

தண்டபாணியின் குரல் இறங்கியது. "இத்த ரைட்ல சொல்றதுக்கு இன்னாமே?"

"ரைட்ல சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பியா?"

அவர் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினார். அவள் அவர் கையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டாள். அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை.

மோகனப்ரியா லீவு போட்டு அவரைக் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். காது சோதிக்கிற ஜானட் என்ற பெண் அவரைக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். சுவர் முழுக்க மெத்து மெத்தென்று பஞ்சு. தண்டபாணி சுவரை அழுத்திப் பார்த்தார்.

"இன்னா பஞ்சும்மா இது? எங்க வூட்ல இலவம்பஞ்சு வச்சோம், சரிப்படல."

"ஐயா, பட்டனை மட்டும் பாருங்க."

வலது காதில் சத்தம் வந்தபோது பட்டனைத் தட்டினார். பிறகு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். எப்போது இடது காதைச் சோதிப்பார்கள் என்று அவர் காத்திருந்தபோது, ஜானட் கதவைத் திறந்து சோதனை முடிந்துவிட்டது என்றாள். இன்ஜின் சத்தம் உள் நரம்பைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது, மிச்சமிருப்பதற்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம், வலது காதையாவது காப்பாற்ற இன்ஜின் பக்கத்தில் காதை மூடிக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். எல்லாவற்றையும் வலது பக்கம் நின்று சொன்னாள். தண்டபாணி அதைக் கவனித்தார். மரியாதை என்று நினைக்கவில்லை.

இடது காதுக்கு மெஷின் வந்தது. மாட்டிக்கொண்ட முதல் நாள் தெருவில் ஸ்கூட்டர் ஹார்னுக்கு அங்கம்மா வீட்டுச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டார். குணசுந்தரி புருஷனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து வாயைத் திறந்து, ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். அவளுக்கு அது பெரிய நஷ்டம்தான். புதிதாக வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாடியில் துணி காயப்போடும்போது பேசிக்கொள்கிறாள் என்று அங்கம்மா சொல்கிறாள்.

தடைக்காலம் முடிகிற வாரம், ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஜன்னலைத் திறந்தார்கள். கட்டில் மறுபடி படுத்தது, மெத்தை அதற்குத் திரும்பியது. தரையில் பாய் விரித்தார்கள். முக்கோணத்தின் முனையில் இந்த முறை குணசுந்தரி காலை நீட்டி உட்கார்ந்தாள், யாரும் ஆட்சேபிக்கவில்லை. தண்டபாணி ஓரமாகச் சுவரில் சாய்ந்துகொண்டார். படத்தில் மழை பெய்தது. நாலா பக்கமும் மழை. மோகனப்ரியா, "நைனா, இப்ப எப்டி?" என்று கேட்டாள்.

தண்டபாணி கண்ணை மூடினார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். ரஞ்சித் படத்தைக்கூட நிறுத்தினான்.

"இன்னா அது கடக்குக் கடக்குன்னு?" என்றார்.

"எங்க மாமா?"

தண்டபாணி விரலை மேலே காட்டினார். ஃபேன். வாங்கின நாளிலிருந்து அது அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு அந்தச் சத்தம் பழகி, கேட்காமலே போய்விட்டிருந்தது.

"இத்தினி நாளா இத்த எப்டித்தான் பொறுத்துக்கினு கீறீங்களோ," என்று எழுந்து ஃபேனை அணைத்தார். சமையலறையிலிருந்து ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து பாயின் நடுவில் போட்டு ஏறினார். கை எட்டவில்லை. இறங்கினார். ஒரு ஸ்பீக்கரைக் கழற்றி ரஞ்சித்தின் மடியில் வைத்துவிட்டு, அதன் இரும்பு ஸ்டாண்டை ஸ்டூலுக்குப் பக்கத்தில் நகர்த்தி, அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினார்.

"படத்தப் போடுங்க மாப்ள," என்றாள் குணசுந்தரி, கையால் விசிறிக்கொண்டு.

"கொஞ்சம் இருங்க அத்தே," என்றான் ரஞ்சித். அவன் ஏற்கெனவே போனை எடுத்து, சீலிங் ஃபேன் சத்தம் வருவதற்கான காரணங்களைத் தேட ஆரம்பித்திருந்தான்.